ஊஞ்சல் கொக்கி

மனைவி இறந்த மறுமாதமே ரைஸ்மில் ஆவுடையப்பர் பூட்டிப்போட்ட வீடு அது. ஏழு வருஷம் கழித்து இப்போதுதான் விலைக்கு வந்தது. வாங்க வந்த போஸ்ட்மாஸ்டரம்மா கனகமணியோ, ஒரு ஆசாரி பார்த்து எழுதிக் கொடுத்தால்தான் கிரயம் பேசுவேன் என்று சொல்லிவிட்டார். அதற்காகத்தான் இசக்கிமுத்து வந்தான்.

உத்தரத்தைத் தட்டிப் பார்த்தான், உறுதியாக இருந்தது. கதவு நிலையிலும் கரையான் இல்லை. கூடத்து ஊஞ்சல் மட்டும் தானாக ஆடிக்கொண்டிருந்தது.

“காத்துல ஆடுதுலே,” என்ற ஆவுடையப்பர், பின்னால் வந்த கனகமணிக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார். “ஒரு குறையும் இல்லைன்னு எழுது. இல்லேன்னா இந்த ஊர்ல நீ இனி உளி பிடிக்க முடியாது.”

இசக்கிமுத்து தீக்குச்சியைக் கிழித்து, சாத்தியிருந்த ஜன்னல் இடுக்குகளில் பிடித்துக்கொண்டே போனான். எந்த இடுக்கிலும் சுடர் அசையவில்லை. ஊஞ்சல் ஆடிக்கொண்டேயிருந்தது.

“காத்துதான் மொதலாளி. எழுதிருதேன்,” என்றான். “கொக்கி தாங்குதான்னு மட்டும் பாக்கணும். கொஞ்சம் உக்காந்து காட்டுங்க.”

“நீயே உக்காருலே.”

“நான் ஒல்லி. உங்களத் தாங்குனா யாரையும் தாங்கும்.”

கனகமணி பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் ஆவுடையப்பர் இரண்டடி எடுத்து வைத்தார். ஊஞ்சல் சட்டென்று நின்றது. பலகையின் ஒரு ஓரம் மட்டும் தாழ்ந்திருந்தது, பக்கத்தில் ஒரு ஆளுக்கு இடம் விட்டு உட்கார்ந்த மாதிரி.

ஆவுடையப்பர் செருப்பைக்கூடப் போடாமல் தெருவுக்கு ஓடினார்.

“யாரு ஆசாரி அது?” என்று கனகமணி மெல்லக் கேட்டார்.

“எனக்குத் தெரியாதும்மா,” என்று இசக்கிமுத்து ஒன்றும் எழுதாத வெள்ளைத் தாளை மடித்தான். “அவருக்குத் தெரிஞ்சிருக்கு.”