மூன்றாவது மில்

"முதலாளிங்ககிட்ட கல் அரைக்க மூணாவது மில் கேட்கலாமா, வேண்டாமா? நீங்கதான் சொல்லணும் அம்மா," என்றார் தில்லைநாயகம்.

அவர் டங்ஸ்டன் சுரங்கத்தின் ஆலை மேலாளர். யசோதரை அம்மை அவரைவிட இருபது வயது இளையவள். சுரங்கம் கைவிட்ட பழைய வெடிமருந்துக் கொட்டகையில் துறவியாகத் தனியே வசித்தாள்; குழப்பம் வந்தால் எல்லோரும் அவளிடம்தான் போவார்கள்.

"இப்ப எத்தனை?"

"ரெண்டு. போன வருஷம் புதுசா ஒண்ணு வாங்கினோம். ரெண்டு மடங்கு கல் அரைக்கிறோம். டங்ஸ்டன் மட்டும் பழைய அளவுதான். நாளைக்கு முதலாளிங்க வர்றாங்க. மூணாவது வந்தும் கூடலேன்னா சுரங்கத்தை மூடிடுவாங்க. மலைக்குக் கீழே இருக்கிற அத்தனை குடும்பமும் நடுத்தெருவுல நிக்கும்."

"புது மில் எப்படி அரைக்குது?"

"அதுல குறையே இல்ல. முகத்துக்குப் பூசிக்கலாம், அவ்வளவு நைஸ்."

"அப்புறம்?"

"தண்ணி விட்டு அலசுவோம். டங்ஸ்டன் கனம், தங்கிடும். வெறும் கல்மாவு ஏரிக்குப் போயிடும்."

"ஏரியைப் பார்க்கலாமா?"

கழிவு ஏரி பால்போல் கிடந்தது. அலை இல்லை. மலையின் நிழல்கூட அதில் விழவில்லை.

அம்மை புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால்வரை இறங்கினாள்.

"அம்மா, அது சேறு."

அவள் நின்றுகொண்டிருந்தாள்.

மேகம் இறங்கியது. எது மேகம், எது ஏரி என்று தெரியவில்லை. மில்லின் சத்தம் வேறு யாருடைய தூக்கத்திலோ ஓடுவதுபோல் கேட்டது. கேட்க வந்ததையே அவர் சற்று நேரம் மறந்துவிட்டார்.

திரும்பும் வழியில் அவள் கல் பொறுக்கும் கொட்டகைக்குள் நுழைந்தாள்.

ஜன்னல் இல்லாத அறை. ஊதா விளக்கின் கீழே பெண்கள் குனிந்திருந்தார்கள். டங்ஸ்டன் உள்ள கல் அந்த வெளிச்சத்தில் நீலமாக ஒளிரும். மற்றதெல்லாம் இருட்டாகவே கிடக்கும்.

இருதயமேரி கல்லிலிருந்து நிமிர்ந்தாள்.

"நல்லாருக்கே. நாங்க இடுப்பொடியப் பொறுக்குறோம். அம்மா சும்மா நடந்தே அள்ளிட்டு வந்துட்டாங்க."

பெண்கள் சிரித்தார்கள்.

அம்மையின் கால்கள் முழங்கால்வரை நீலமாக ஒளிர்ந்துகொண்டிருந்தன.

தில்லைநாயகம் குனிந்து தொட்டார். அவர் விரல்நுனியும் நீலமாயிற்று. அந்த நைஸில் டங்ஸ்டனும் தங்காமல் தண்ணீரோடு ஏரிக்குப் போயிருந்தது.

இருதயமேரி கால் கழுவச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"ஊத்தாதே," என்றார் அவர். "போய் மில்லை நிறுத்தச் சொல்லு."

"எந்த மில்லை சார்?"

"புதுசை."