நீலக் குல்லாய்

அமிர்தவல்லி அந்த மலை மடத்துக்கு வந்தபோது அவளுக்கு ஐம்பது வயது. குரு ஈசானருக்கு முப்பதுகூட ஆகவில்லை. அவள் கொண்டு வந்தது ஒரு தகரப்பெட்டிதான். அதற்குள், ஏழு வயதில் காய்ச்சல் கண்டு இறந்த மகள் பூங்கோதையின் நீலக் கம்பளிக் குல்லாய்.

மழை விட்ட ஒரு காலையில் பெட்டியைத் திறந்தவள் அலறிவிட்டாள். குல்லாயில் அங்கங்கே பொத்தல். அதை எடுத்துக்கொண்டு குருவிடம் ஓடினாள்.

"சாமி, அந்துப்பூச்சி அரிச்சிடுச்சு. இருபது வருஷமா பொத்திப் பொத்தி வெச்சிருந்தேன். மிச்சத்தையாவது எப்படிக் காப்பாத்துறது?"

ஈசானர் குல்லாயை வெளிச்சத்தில் விரித்தார். மடிப்புக்குள் ஒரு புழு அசைந்தது. நெல்மணி அளவுதான் இருக்கும்.

"நசுக்கணும்னா நசுக்குங்கம்மா. அதுக்கு முன்னாடி ஒரு தடவை நல்லாப் பாருங்க."

நகத்தை நீட்டியபடியே குனிந்தாள். தின்ற கம்பளியிலேயே புழு தனக்கொரு உறை பின்னிப் போட்டிருந்தது. நீலச் சட்டை. அதிலிருந்து தலையை நீட்டி, சட்டையையும் இழுத்துக்கொண்டு மெல்ல நடந்தது.

அவள் விரல் இறங்கவில்லை.

அதன்பிறகு பெட்டியை அவள் மூடவே இல்லை. புழு வளர வளரச் சட்டை பத்தாமல் போயிற்று. பக்கத்தில் கிழித்து, புதிதாக ஒரு துண்டு வைத்து ஒட்டுப்போட்டுக்கொண்டது. பூங்கோதையின் பாவாடைகளுக்கு அவளும் இப்படித்தான் ஒட்டுப் போட்டிருக்கிறாள். நாள் கிழமை அவளுக்கு மறந்துபோயிற்று.

ஒருநாள் அந்தத் துளி நீலம் சுவரில் ஏறி, ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு அசைவற்று நின்றது. செத்துவிட்டதோ என்று தினமும் போய்ப் பார்த்தாள்.

மூன்றாவது வாரம், விடியும் நேரம். மூடுபனி அறைக்குள்ளேயே வந்து படுத்திருந்தது. உறையின் வாய் துடித்தது. சாம்பலும் பொன்னுமாய் ஒரு பூச்சி, கட்டைவிரல் நகத்தில் பாதிகூட இல்லை, வெளியே வந்து அவள் மணிக்கட்டில் உட்கார்ந்தது. மூச்சுவிடவும் பயந்து நின்றாள்.

வாசலில் நிழல் தெரிந்தது. குருதான்.

"சாமி," என்றாள் கிசுகிசுப்பாக. "பசியோட வந்திருக்கும். மிச்சக் குல்லாயையும் இதுக்கே குடுத்துடட்டுமா?"

"இனிமே இது எதையும் தின்னாதும்மா. புழுவா இருந்தப்போ தின்னதோட சரி."

"அப்போ எதை வெச்சுப் பறக்கும்?"

"உங்க பூங்கோதையோட குல்லாயை வெச்சுத்தான்."