மச்சான் காரின் மைலேஜ்

ஆலை முதலாளி பூதத்தான் அழகுக்காகப் பெட்ரோல் செடான் வாங்கினார். அவர் மச்சான் மைலேஜுக்காக ஹைபிரிட் செடான் வாங்கினார்.

"அவன் கார் லிட்டருக்கு இருபத்துநாலு குடுக்குது, நம்மது பத்து. இதையும் அப்படிக் குடுக்க வை. இல்லன்னா சாவியை வச்சுட்டுப் போ" என்றார் டிரைவர் சுடலையிடம்.

"ஒரு வாரம் காரை மாத்திப் பாருங்க, மொதலாளி."

மாற்றினார்கள். முதலாளியிடம் வந்த ஹைபிரிட்டின் மைலேஜ் பாதியாக இறங்கியது. மச்சானிடம் போன பெட்ரோல் கார் பதினாறுக்கு ஏறியது.

வீடே கூடிக் காரணம் கேட்டது.

"போற கல்யாணத்துல எல்லாம் சாப்பிட்டதும் மொதலாளி நிக்கிற கார்ல ஏசி போட்டுத் தூங்குவாக. குறட்டைக்கு ஏதுங்க மைலேஜ்?"

எல்லாரும் சிரித்தார்கள். முதலாளியும் சிரித்துக்கொண்டே சுடலையிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டார்.

"ரோடு மோசம்னு சொல்லியிருக்கலாம்ல?" என்று சுடலையின் பெண்டாட்டி இன்னும் கேட்கிறாள்.

சொல்லியிருக்கலாம்தான்.