கூரை இறங்கிய மாளிகைகள்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜாவுக்குத் தூக்கம் கெட்டது. காரணம், பட்டத்து யானைக்குத் தூக்கம் கெட்டிருந்தது. யானைக்குத் தூக்கம் கெட்டதற்குக் காரணம், ஊரை ஒட்டி ஓடிய ஆறு. கரையுடைத்த வெள்ளம் ஆற்றோரக் குடிசைகளை வாரிக்கொண்டு போக, ஐம்பது குடும்பங்கள் யானைக் கொட்டாரத்தில் வந்து ஒண்டியிருந்தன. குழந்தைகள் அழுதால் யானை பிளிறும். யானை பிளிறினால் ராஜா எழுந்து உட்காருவார்.

"மேட்டுத் தெருவில் இவர்களுக்கு வீடு கட்டுங்கள்" என்றார் ராஜா. கஜானா திறந்த அளவுக்கு ஐந்து வீடுகள்தான் எழும்பின. ஒவ்வொன்றும் ஓர் அறை, ஓர் அடுப்படி.

யாருக்கு முதலில் கொடுப்பது? அரண்மனை மணியக்காரர் சிவந்தியப்பர் முன்வந்து நின்றார். அரசவை விகடகவி கோளரி என்றாலே அவருக்கு வேப்பங்காய்.

"கூரையில்லாதவருக்கே முன்னுரிமை என்று தண்டோரா போடலாம், பிரபு. வீடு பெறுகிறவர் பழைய இடத்தை அரசுக்கு விட்டுவிட வேண்டும் என்றும் ஒரு விதி இருக்கட்டும். பங்கிடும் பொறுப்பைக் கோளரியாரிடம் விடுங்கள். எல்லோரையும் சிரிக்க வைப்பவராயிற்றே."

அப்படி விட்டுப்போகும் ஆற்றோர மண்ணில் தமக்கு வாழை செழிப்பாக வரும் என்பது மணியக்காரருடைய உள்கணக்கு.

ராஜாவுக்கு யோசனை பிடித்துவிட்டது. "கோளரி, எனக்கு வீடு கிடைக்கவில்லை என்று ஒருவன்கூட என்னிடம் வந்து முறையிடக் கூடாது. முறையிட்டால் உன் வீட்டை அவனுக்குக் கொடுத்துவிடுவேன்."

கோளரி வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் அவன் மனைவி வடிவு மூலையிலிருந்த உரலைப் பார்த்தாள்.

"இதை யாரு தலையில தூக்கி வைக்கிறதா உத்தேசம்? ஊரையே சிரிக்க வைக்கிற வாயி, ராஜா முன்னால முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா தலை போயிருக்கும், வடிவு. வீடுன்னா திரும்பக் கட்டிக்கலாம்."

"நீங்க கட்டுற லட்சணம் தெரியாதா எனக்கு. மாட்டுக்கொட்டாய்ச் சுவரு மூணு தை பார்த்தும் பாதியிலதான் நிக்குது."

மறுநாள் காலை கோளரி கொட்டாரத்துக்குப் போனான். வாசலிலேயே மருதாயி என்பவள் கைக்குழந்தையோடு மறித்தாள்.

"ஐயா, வீடு குடுத்தாக் குடுங்க. இல்லாட்டி இந்த ஆனையையாவது வேற எடத்துல கட்டச் சொல்லுங்க. புள்ளைக்கு எண்ணெய் தேய்ச்சா, எனக்கும் தேய்ன்னு தும்பிக்கைய நீட்டுது."

ஐம்பது குடும்பத்துக்கு ஐந்து வீடு. எப்படிப் போட்டாலும் நாற்பத்தைந்து பேர் ராஜாவிடம் போவார்கள். கோளரிக்குத் தன் வீட்டு உரல் நடுத்தெருவில் உருள்வது கண்ணில் தெரிந்தது.

பங்கீட்டு நாளில் வரிசையின் முன்னால் ஐந்து பல்லக்குகள் வந்து இறங்கின. கந்தல் வேட்டி கட்டிக்கொண்டு சிவந்தியப்பர் இறங்கினார். பின்னால் அதே கோலத்தில் அவருடைய கூட்டாளிப் பிரபுக்கள் நால்வர். மணியக்காரர் கந்தலுக்கு மேல் அத்தர் பூசியிருந்தார்.

"கோளரியாரே, நாங்கள் ஐவரும் கூரையில்லாதவர்கள். வேண்டுமானால் வந்து பாரும்."

கோளரி போய்ப் பார்த்தான். உண்மைதான். ஐந்து மாளிகைகளிலும் ஓடுகளைப் பிரித்து இறக்கிக் கொல்லையில் அழகாக அடுக்கியிருந்தார்கள். கூடத்தில் நின்றால் வானம் தெரிந்தது. மறுத்தால் இந்த ஐவர் முறையிடுவார்கள்; கொடுத்தால் அந்த ஐம்பது பேர். கோளரி அண்ணாந்து பார்த்தான். பிறகு ஒவ்வோர் அறையாக நடந்தான். நடக்க நடக்க அவன் முகம் தெளிந்தது.

திரும்பி வந்து கும்பிட்டான். "கூரையில்லாதவருக்கே முன்னுரிமை. விதி விதிதான். சாவிகளைப் பெற்றுக்கொள்ளுங்கள்."

ஐவரும் கைநாட்டு வைத்துச் சாவிகளை வாங்கிக்கொண்டார்கள். கொட்டாரத்து ஜனங்கள் கொதித்தார்கள்.

"ஆனையே தேவலை போலிருக்கு" என்றாள் மருதாயி.

"பொழுது சாயுற வரைக்கும் பொறு தாயி" என்றான் கோளரி.

பொழுது சாய்ந்தது. ஓடுகளைத் திரும்ப ஏற்றலாம் என்று ஆட்களோடு மாளிகைக்குப் போன சிவந்தியப்பர் திகைத்து நின்றார். ஓடு வேய்ந்து முடிந்திருந்தது. உள்ளே தாளிக்கும் வாசனை. அவருடைய ஊஞ்சலில் மருதாயியின் குழந்தை உறங்கிக்கொண்டிருந்தது.

அவர் அரண்மனைக்கு ஓடினார். "பிரபு, என் மாளிகையில் குடிசைக்காரர்கள் புகுந்துவிட்டார்கள். மற்ற நால்வர் மாளிகையிலும் இதே அநியாயம்."

ராஜா கோளரியைப் பார்த்தார்.

"வீடு பெறுகிறவர் பழைய இடத்தை அரசுக்கு விட்டுவிட வேண்டும், பிரபு. மணியக்காரரே வகுத்த விதி" என்றான் கோளரி. "ஐந்து மாளிகைகள் அரசுக்கு வந்து சேர்ந்தன. ஓடும் கொல்லையிலேயே இருந்தது. அறைக்கு ஒரு குடும்பமாக ஐம்பதும் குடியேறிவிட்டன."

"வீடு கிடைக்கவில்லை என்று முறையிட எவரும் இல்லையா?"

"இல்லை பிரபு. முறையிடுகிறவர் இவர் ஒருவர்தான். இவருக்கோ முதல் வீடே கிடைத்துவிட்டது."

"சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்" என்று குழறினார் சிவந்தியப்பர்.

"தாராளமாக. கூரையுள்ள இடம் ஒன்று இன்றுதான் காலியாயிற்று" என்றான் கோளரி. "யானைக்கும் பேச்சுத் துணை வேண்டும்."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில், வெகுநாளைக்குப் பிறகு கண்ணயர்ந்த பட்டத்து யானை விழித்துப் பிளிறியது. ராஜா தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றிக் கோளரிக்குப் போட்டார். "இன்னும் என்ன வேண்டும், கேள்."

கோளரி தலையைச் சொறிந்தான். "ஒரே ஒரு கொத்தனார், பிரபு. மாட்டுக்கொட்டகைச் சுவர் முடியாமல் மனைவி வீட்டுக்குள் விடமாட்டாள்."