பானை மேல் உட்கார்ந்த மரநாய்

அந்தக் காலத்தில் மரநாய் பகலில்தான் நடமாடும், அதன் மேல் எந்த வாசனையும் கிடையாது. மிருகங்களெல்லாம் வாய் ஓயாமல் பேசின. கல்யாணம் காட்சி என்றால் கள்ளும் காய்ச்சின. கேழ்வரகுக் கள் என்றால் மலை முழுக்க ஒரே பெயர்தான், கருவாயி! மூன்று குட்டிகளுக்குத் தாயான மரநாய் அவள்.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. மலையில் ஒரே ஓர் அத்திமரம்தான் பழுத்திருந்தது. அதுவும் யாருடையது? குரங்குத் தலைவர் கடுவனாருடையது. கருவாயி அவர் முன்னால் போய் நின்றாள்.

"அய்யா, குட்டிங்க மூணும் பட்டினி. ஒரு கிளை விடக்கூடாதா?"

"என் மகளுக்குக் கல்யாணம் வருது. கழுத்து வரைக்கும் நிறைஞ்ச பானைக் கள்ளு கொண்டா, மரமே உனக்குத்தான். குறைஞ்சுதோ, இந்தப் பக்கம் தலைவெச்சுப் படுக்காதே!"

கருவாயிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. முளைகட்டிய கேழ்வரகை இடித்தாள், வெந்நீரில் ஊறப்போட்டாள், தித்திப்பான சாற்றை வடித்துப் பெரிய பானையில் அடுப்பேற்றினாள். அதைக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, புளிக்கவிட்டால்தான் கள். ஒத்தாசைக்கு மலையணில் வாலாயி வந்திருந்தாள்.

கொதி வந்தது பாருங்கள், தளதளவென்று! நுரை திரண்டு கிடுகிடுவென்று விளிம்புக்கு ஏறியது.

"அக்கா, பொங்குது! விறகை இழு! பச்சைத் தண்ணியைத் தெளி!" என்று கத்தினாள் வாலாயி.

"இருடி, மூடி போடறேன். ஆவியாப் போறது யார் வீட்டுக் கள்ளு? என் புள்ளைங்களோட அத்திப்பழம்டி அது!"

"ஐயையோ, மூடாதே! கேழ்வரகு அவிஞ்ச நாத்தம் எப்படி வெளியே போகும்?"

யார் காதில் விழுகிறது? கருவாயி ஒரு பலகையைத் தூக்கிப் பானை வாயில் போட்டாள். பலகை துள்ளியது. அதோடு விட்டாளா? மேலே ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள்!

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "பார்த்தியா, அடங்கிருச்சு" என்று சிரித்தாள்.

டமால்! பலகை ஒரு பக்கம், கருவாயி ஒரு பக்கம். நுரை அவளைத் தலை முதல் வால் வரை குளிப்பாட்டிவிட்டது. நல்லவேளை, அடர்ந்த ரோமம் தோலைக் காப்பாற்றியது. எட்டிப் பார்த்தால் பானையில் பாதிதான் மிச்சம்.

"என் குட்டிங்க வாயிலே நானே மண்ணைப் போட்டுட்டேனே!" என்று வயிற்றில் அடித்துக்கொண்டு அழுதாள்.

வாலாயி விறகைப் பாதி இழுத்துவிட்டுத் துடுப்பால் கிண்டினாள். மிச்சம் திறந்த பானையிலேயே நன்றாகக் கொதித்தது, நாற்றமெல்லாம் ஆவியோடு போயிற்று. கருவாயிதான் பாவம், ஓடையில் எத்தனை முறை முங்கினாலும் மேலே ஒட்டின கேழ்வரகு வாசனை போகவே இல்லை.

ஆறிப் புளித்த கள்ளைக் கல்யாணத்தன்று கருவாயி கொண்டுபோனாள். கடுவனார் ஒரு வாய் குடித்தார். அடடா! கண் சொருகிவிட்டது. பிறகு பானைக்குள் பார்த்தார், முகம் மாறிவிட்டது.

"ருசியிலே குறையில்லே. பானைதான் பாதி."

"தெரியும் அய்யா, குட்டிங்களைக் கூட்டிட்டுக் கிளம்பறேன்" என்றாள் கருவாயி.

கல்யாணப்பெண் விடவில்லை. "அப்பா! இவ்வளவு நல்ல கள்ளைக் குடிச்சிட்டு அந்தப் புள்ளைங்களைப் பட்டினி போட்டா நான் நல்லா இருப்பேனா?"

கடுவனார் தலையைச் சொறிந்தார். "சரி, பாதிப் பானைக்குப் பாதி நாள். வெளிச்சம் எங்களுக்கு, இருட்டு உனக்கு. ஆனா இருட்டிலே வந்திருக்கிறது நீதான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அதான் ஊருக்கே மணக்குதே!" என்றாள் வாலாயி. கூட்டம் கொல்லென்று சிரித்தது. கருவாயியும் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்டச் சிரித்தாள்.

அன்று முதல்தான் அந்த மலையில் யாரும் கொதிக்கும் கள்ளுப்பானையை மூடுவதில்லை. குரங்குகள் தூங்கிய பிறகு, அடுப்பே இல்லாத காட்டில் வெந்த கேழ்வரகு மணந்தால், மரநாய் குட்டிகளோடு தன் பங்குக்கு வந்துவிட்டது என்று அர்த்தம்.