பொன்னம்பலத்தின் பூசணிக் கூடாரம்

மலைமேல் இருந்த அந்த ஆசிரமத்தில் குரு தவமணி அம்மாவுக்கு வயது முப்பத்தெட்டு. சீடர் பொன்னம்பலத்துக்கு அறுபத்து மூன்று. இதைக் கேட்டுச் சிரித்தவர்கள் எல்லாம் சிரித்து முடித்துப் போய்விட்டார்கள்.

பொன்னம்பலத்துக்கு அந்த வருஷம் சோறு இறங்கவில்லை. குற்றம் அவருடையதுதான். ஆசிரமத்துச் சிவப்புப் பூசணியின் விதைப்பானையை மூட மறந்துவிட்டார். எலி புகுந்து சூறையாடிவிட்டது. மிஞ்சியது ஐந்தே விதை, அதுவும் ஈரம் பட்டவை. பனி முடிந்து மாசியில் ஊன்றும்வரை அவை தாங்காது. அந்தப் பூசணியோ வேறு எங்கும் கிடையாது.

"இப்பவே ஊன்றிடுறேன் அம்மா."

"பனி விழுமே அய்யா?"

"கூடாரம் போடுறேன்."

போட்டார். மூங்கிலைப் பிளந்து வில்லாக வளைத்து நட்டு, மேலே பாலித்தீன் தாளைப் போர்த்தி, ஓரமெல்லாம் மண்ணை அணைத்தார். ஆள் நுழைய விட்ட வாசலையும் கயிற்றால் இறுகக் கட்டினார். தண்ணீர் ஊற்றப் போனால்கூட, உள்ளே புகுந்த கையோடு இழுத்துக் கட்டிவிடுவார். மூடாமல் விட்டு ஒருமுறை பட்டது போதாதா?

மார்கழியில் வெளியே புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடந்தது. உள்ளே கொடி தளதளவென்று படர்ந்து பூத்தது. கண் பட்டுவிடும் போல இருந்தது.

ஆனால் பூவுக்கு அடியில் இருந்த பிஞ்சுகள் ஒவ்வொன்றாக மஞ்சளாகி உதிர்ந்தன. குளிர் எங்கோ நுழைகிறது என்று நினைத்து, மனுஷன் மேலே இன்னொரு தாளைப் போர்த்தினார். மறுநாள் இன்னும் இரண்டு விழுந்தன.

கடைசியாக, ஆண்பூக்களுக்கு நடுவே ஒரே ஒரு பெண்மொட்டு மிஞ்சியது, அடியில் கோலிக்குண்டு அளவுப் பிஞ்சோடு. காலையில் அது மலர்ந்ததைப் பார்த்ததும் குருவிடம் ஓடினார்.

"அம்மா, இதுவும் விழுந்தா விதையே அத்துப்போச்சு. எங்கே ஓட்டைன்னு தெரியலையே! வந்து பாருங்கம்மா."

தவமணி கூடாரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"பனி உள்ளே வந்ததா அய்யா?"

"ஒரு துளி வரலை."

"எலி?"

"விடுவேனா!"

"காத்து?"

"ஊசி நுழைய இடமில்லம்மா."

"வேற யாராவது வந்தாங்களா?"

"வேற யாரும்மா வரணும்?"

தவமணி வாசல் கயிற்றை அவிழ்த்தார்.

"ஐயையோ அம்மா! குளிரு!"

"வெயில் ஏறிடுச்சு அய்யா. இப்படி உட்காருங்க."

உட்கார்ந்தார். தவமணி அவிழ்த்த கயிறு பொன்னம்பலத்தின் கையில் இருந்தது. பானையும் எலியும்தான் மனசில் ஓடின. பூசணிப்பூ உச்சிவேளைக்குள் சுருங்கிவிடும், அது அவருக்குத் தெரியும். நேரம் போய்க்கொண்டே இருந்தது. ஒன்றும் நடக்கவில்லை. திடீரென்று ஊதக்காற்று ஒன்று வந்து தாளைப் படபடவென்று அடித்தது. கொடி நடுங்கியது. பொன்னம்பலம் பதறி எழுந்து தாளை இழுத்தார்.

"போதும் அம்மா, மூடிடுறேன்!"

அவர் கைக்கு ஒரு சாண் தள்ளி, பாதி மூடிய வாசலில் ஒரு தேனீ ரீங்காரம் போட்டபடி நின்றது.

"யார் வரணும்னு கேட்டீங்களே அய்யா," என்றார் தவமணி. "கயித்தை இப்படிக் கொடுங்க."