புலவர் கேட்டு வாங்கிய ஒப்பாரி

முன்னொரு காலத்தில் குவளைநாட்டை வேங்கைமாறன் என்று ஒரு ராஜா ஆண்டான். மனசு தங்கம்தான், ஆனால் கடைசியாகப் பேசியவன் சொன்னதே அவனுக்கு வேதம். அவனைப் பெற்ற தாய் காலமானாள். ஊர்ப் பெண்கள் அழுதபடி அரண்மனை வாசலுக்கு வந்தார்கள்.

ஆஸ்தானப் புலவர் கீர்த்திவல்லபர் காதைப் பொத்திக்கொண்டார். "மகாராஜா, ஒப்பாரி வெறும் கூச்சல். அந்தச் சொல்லுக்கு வேரும் இல்லை, பொருளும் இல்லை. ராஜமாதாவுக்கு இதுவா மரியாதை?"

"அப்படியா? விரட்டுங்கள்! இனி எவள் ஒப்பாரி வைத்தாலும் நாடு கடத்துவேன்!"

மந்திரி மருதவாணர் முன்னால் வந்தார். தன் தாயையும் இந்தப் பெண்கள்தானே பாடி வழியனுப்பினார்கள்!

"பிரபு, அந்த வேரைப் புலவர் வாயாலேயே சொல்லவைக்கிறேன். முடியாவிட்டால் நான் நாட்டை விட்டே போகிறேன்."

"என் வாயாலா? பார்த்துவிடலாம் ஓய்!" என்று புலவர் தொடை தட்டினார்.

"அப்படியானால் கொஞ்சநேரம் பிணம்போலப் படுத்துக்கொள்ளும். அது போதும்."

புலவர் சபை நடுவே நீட்டிப் படுத்தார். மந்திரி வாசலில் நின்ற பெண்களை உள்ளே அழைத்து, அவர்கள் தலைவி காத்தாயியின் காதோடு ஏதோ சொன்னார். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, தோளோடு தோள் கட்டிக்கொண்டார்கள்.

"ஐயோ, செத்தாரே! ஐயோ, போனாரே!"

அவ்வளவுதான். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்கள். புலவர் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தார். சபையில் கிளுகிளுவென்று சிரிப்பு கிளம்பியது. மனுஷனுக்குப் பொறுக்கவில்லை, பிணம் எழுந்து உட்கார்ந்துவிட்டது!

"அடி காத்தாயி! செத்துப்போன வாயிற்காவலனையே 'பட்டத்து யானையே, பவளத் தேரே' என்று பாடினாயே! எனக்கு ஒரு ஒப்பும் சொல்லவில்லை. ஒப்புச் சொல்லாமல் அழுதால் அது ஒப்பாரியா?"

"கேட்டீர்களா பிரபு?" மந்திரியின் குரல் கணீரென்று எழுந்தது. "ஒப்புச் சொல்லி அழுவதால்தான் ஒப்பாரி. நம் பெண்கள் போடுவது கூச்சல் இல்லை. போனவர் எப்படிப்பட்டவர் என்று உலகத்துக்குச் சொல்லி அனுப்புகிறார்கள். காவலனுக்கும் அந்தக் கௌரவம் உண்டு!"

ராஜா தன் பட்டுச் சால்வையை மந்திரிக்குப் போர்த்தினான். காரியம் முடியும்வரை அந்தப் பெண்களுக்கு நீர்மோர் ஊற்றும் வேலை புலவருக்குக் கிடைத்தது.

பிறகு ராஜா தயங்கித் தயங்கிக் கேட்டான்: "காத்தாயி, எங்கம்மாவுக்கு எதை ஒப்புச் சொல்வாய்?"

"எதைச் சொன்னாலும் பத்தாது சாமி. அதனாலதான் சொல்லிச் சொல்லி அழுவுறோம்."

வேங்கைமாறன் வெறுந்தரையில் உட்கார்ந்து, "அம்மா!" என்று வாய்விட்டு அழுதான்.